எல்ஸ்டர் என்றொரு பலகை

“எந்த மூல்ஹைம்?” என்கிறார் கஸ்பர். தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருக்கிறார். இரண்டு கைகளும் விசைப்பலகைக்கு மேலே, இறங்காமல், அந்தரத்தில் நிற்கின்றன.

மறுமுனையில் மிசிசாகாவிலிருந்து ஒரு மருமகன். மாமனார் முந்தாநாள் ஜேர்மனியில் காலமாகிவிட்டார். “மூல்ஹைம் எண்டால் மூல்ஹைம்தான் அண்ணை. ஜேர்மனி.”

“அது விளங்குது தம்பி. ரூர் ஆத்தோடை கிடக்கிற மூல்ஹைமோ, கொலோனுக்கை இருக்கிற மூல்ஹைமோ?”

“மனுசன் போட்டார். இனி எந்த மூல்ஹைமிலை இருந்தால் என்ன?”

“போனவருக்காண்டிக் கேக்கேல்லை. செத்தவீட்டுக்குப் போற சனத்துக்காண்டிக் கேக்கிறன். மாமியிட்டைக் கேட்டுச் சொல்லும். நான் லைனிலை நிக்கிறன்.”

காத்திருக்கும் நேரத்தில் கண்ணாடியைக் கழற்றி, கழுத்தில் தொங்கும் ரையின் நுனியால் துடைக்கிறார். மாமியின் பதில் வருகிறது: சமையலறை யன்னலைத் திறந்தால் ரைன் ஆறு தெரியும். “அப்ப கொலோன் மூல்ஹைம்” என்று முடிவு கட்டிவிட்டு, வலது பெருவிரலால் நெஞ்சில் சின்னதாக ஒரு சிலுவை கீறுகிறார். செத்தவர் சைவமா கிறிஸ்தவ வேதமா என்ற பேதம் அந்தச் சிலுவைக்குக் கிடையாது. எதிரே பட்டை விபூதியோடு யாராவது இருந்தால் மட்டும், பொத்தான் பூட்டுவதுபோல் ஒரு பாவனையில் அதை முடித்துக்கொள்வார். அதன் பிறகே கைகள் இறங்கும்.

நம்மவர் மரண அறிவித்தல்களில் மாறாத வாக்கியம் ஒன்று உண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், இன்ன திகதி காலமானார். எழுபது எண்பது வருடம் ஓடித் திரிந்த ஒரு மனிதரை இரண்டு ஊர்ப்பெயர்களுக்கு நடுவே கிடத்திவிடும் வாக்கியம். பெயரில் எழுத்துப் பிழை வந்தால் கஸ்பர் மன்னிப்புக் கேட்டுத் திருத்திக் கொடுப்பார். வயதில் ஒன்றிரண்டு கூடிக் குறைந்தால் பிள்ளைகளே தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். ஊர் பிழைப்பதற்கு மட்டும் அவர் இடம் கொடுப்பதில்லை. “பிழையான ஊரைப் போட்டால், ஆளைத் தூக்கிக்கொண்டுபோய் வேறை எங்கையோ போட்டிட்டு வாறமாதிரி” என்பார்.

கஸ்பர் வேலை பார்க்கும் அச்சகம் கனடாவின் ஸ்காபரோவில், எக்ளிங்டன் வீதிப் பிளாசா ஒன்றில், மீன்கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருக்கிறது. முன்பக்கத்தில் கலியாண அட்டைகளும் பெண்பிள்ளைகளின் சாமத்திய வீட்டு அட்டைகளும் ஜரிகையோடு மினுங்கும். கஸ்பரின் மேசை பின்பக்கம். முதலாளி ஸ்டெபனி ரொறன்ரோவிலேயே பிறந்து, தகப்பன் நடத்திய கடையை ஐந்து வருடமாக நடத்தி வருபவள். அவள் அந்த மூலையை “அங்கிளின்ரை டிபாட்மென்ற்” என்பாள். அறுபது வயதிலும் கஸ்பர் ரை கட்டாமல் வேலைக்கு வந்ததில்லை. துக்கத்தோடு வருகிறவர்களுக்கு முன்னால் ரீசேட்டோடு நிற்பது மரியாதை இல்லையாம். அடித்து முடித்ததும் தாளைக் கையில் கொடுத்து அனுப்பவும் மாட்டார். முழுவதையும் உரத்து வாசித்துக் காட்டுவார், கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கிற குரலில். கண்ணால் பார்த்துத் தலையாட்டுகிறவர்கள் காதால் கேட்டதும், “ஐயோ, மூத்த மருமகளை விட்டிட்டம்” என்று திடுக்கிடுவதைப் பலமுறை கண்டவர்.

ஜேர்மன் பெயர் எதையாவது கண்டால் அவரால் சும்மா தாண்டிப் போக முடியாது. கண் வைத்தியரின் பெயர் ஹாகன். முதல் நாளே, கண்ணைப் பரிசோதிக்கும் கருவியில் நாடியை வைத்தபடி, “டொக்ரர், உங்கள் ஆட்கள் ஹாகன் நகரமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். வைத்தியருக்கு அப்படி ஒரு நகரம் இருப்பதே தெரியாது. கஸ்பர் விளக்கினார்: பெரிய நகரம், ரயில் சந்தி, எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நீங்கள் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும். வெள்ளைக்காரனுக்கு அவனுடைய ஊரைக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று அன்று முழுவதும் ஒரே புளுகமும் சிரிப்பும். யாரைக் கண்டாலும் முதலில் ஊர் கேட்பது நம்முடைய பழக்கம். அதைக் கஸ்பர் பெயர்ப்பலகைகளிடமும் கேட்பார்.

கிச்சினரில் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போகும்போது மனைவி வேரோனிக்கா பட்ட பாடு இன்னொரு கதை. அந்தப் பக்கத்துச் சாலைப் பலகைகளில் பிரெஸ்லாவ், மான்ஹைம், பாடன், நியூ ஹம்பேர்க் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் கஸ்பர் காரை மெதுவாக்கினார். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். “நாங்கள் ஞானஸ்நானத்துக்குப் போறமோ, திரும்ப ஜேர்மனிக்குப் போறமோ?” என்று வேரோனிக்கா கேட்டார். “பேரை மட்டும் கொண்டுவந்து நட்டிருக்கிறாங்கள், ஆத்தை விட்டிட்டு வந்திட்டாங்கள்” என்றார் கஸ்பர். “இறங்கிப்போய்க் கேளுங்கோ, ஏன் விட்டிட்டு வந்தனீங்கள் எண்டு” என்றார் வேரோனிக்கா.

கடையில் ஸ்டெபனியிடமும் இதே கதைதான். “ஃபுல்டா எண்டு ஒரு ஊர் இருக்கு பிள்ளை. ஃபுல்டா எண்டு ஒரு ஆறும் இருக்கு. இஞ்சை லைப்ரரியிலை நிக்கிற மனுசியின்ரை குடும்பப் பேரும் ஃபுல்டா. இதுக்குள்ளை எது எதெண்டு ஒருத்தன் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?”

“சோ வட், அங்கிள்? என்ரை லாஸ்ற் நேம் அப்பப்பாவின்ரை ஃபேர்ஸ்ற் நேம். ஒருத்தருக்கும் அது விளங்கிறேல்லை. ஐ ஜஸ்ற் லிவ் வித் இற்.”

அவளுக்கு அது சிரிப்பு. கஸ்பரும் சிரிப்பார். ஆனால் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கணினியில் அவர் பார்க்கிற படத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது. திரையில் ஒரு ஆறு ஓடும். மரங்கள், வயல், ஒரு சின்ன வீதி, ஒரு பாலம். பாலத்தின் இந்தக் கரையில் நின்று பார்ப்பார், அந்தக் கரைக்குப் போய்த் திரும்பிப் பார்ப்பார், கீழே தூண்களைப் பெருப்பித்துப் பார்ப்பார். பிறகு தலையை ஆட்டிவிட்டு அடுத்த பாலத்துக்குப் போவார். ஐந்து வருடமாக இது நடக்கிறது. “அங்கிளின்ரை ரிவர் குரூஸ்” என்று ஸ்டெபனி பெயர் வைத்திருக்கிறாள். ஓய்வெடுத்தபின் போக இடம் தேடுகிறாராக்கும் என்பது அவள் எண்ணம்.

அந்த ஆற்றில் கஸ்பர் தேடுவது குணதாசனை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தை மாதம். செக் நாட்டு எல்லையால் ஜேர்மனிக்குள் ஐந்து பேர் நடந்து வந்தார்கள். நாரந்தனைக் கஸ்பருக்கு இருபத்தேழு வயது. சரவணைக் குணதாசனுக்கு இருபத்துநான்கு. ஒரே தீவில் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், ஆனால் கொழும்பில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனின் வீட்டுக் கூடத்தில்தான் முதன்முதல் சந்தித்தவர்கள். மூன்று நாள் காட்டுப் பாதையில் நடந்ததில் தாசனின் கால்கள் சப்பாத்துக்குள் வீங்கிவிட்டன. மூன்றாம் நாள் பிற்பகல், எங்கும் பனிப்புகார் மூடியிருக்க, ஒரு சின்ன வீதிப் பாலத்தடியில் தூணோடு சாய்ந்து உட்கார்ந்தான். எழும்பவில்லை. கூட்டிக்கொண்டு வந்தவன் கையைக் காட்டி அவசரப்படுத்தினான். ஏற்றிப்போக வான் வந்து நிற்கும் நேரம் தாண்டுகிறது, விட்டுவிட்டு வாருங்கள்.

“நீங்கள் போங்கோடா. ரோட்டு மேலைதானே கிடக்கு, ஆராவது காணுவினம்” என்றான் தாசன்.

கஸ்பர் கரையேறிப் பாலத்தின் தலைப்புக்குப் போனார். ஒரு பலகை நின்றது. இரண்டு சொற்கள். முதலாவதில் அவருக்குத் தெரியாத எழுத்தொன்று இருந்தது. இரண்டாவதை வாசித்து நெஞ்சில் பதித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

“ஊரின்ரை பேரைப் பாத்திட்டன் மச்சான். எல்ஸ்டர். போனவுடனை ஆளனுப்புறன்.”

“எல்ஸ்டர்” என்று தாசன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பாடமாக்குகிறவன் மாதிரி.

போனவுடனே ஆளனுப்ப முடியவில்லை. வான் அவர்களை ஐந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் இறக்கியது. வழியைப் பற்றி வாய் திறந்தால் பின்னால் வருகிறவர்கள் மாட்டுப்படுவார்கள் என்று ஏஜென்சி மிரட்டியிருந்தான். இரண்டு இரவு கஸ்பர் படுக்கவில்லை. மூன்றாம் நாள் அகதி விண்ணப்ப விசாரணையில், கேட்ட கேள்விகளை எல்லாம் தள்ளிவிட்டு முதலில் அதைத்தான் சொன்னார். அதிகாரிக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக மதுரைப் பக்கத்து மனிதர் ஒருவர் இருந்தார். வைகைக் கரையில் வளர்ந்தவர் என்று பிறகு பேச்சில் தெரிந்தது.

“தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க பாத்தது ஊர்ப் பேரா, ஆத்துப் பேரா?”

கஸ்பருக்கு அந்தக் கேள்வி பகிடியாகப் பட்டது. நாரந்தனையில் ஆறு இல்லை. அந்தத் தீவிலேயே இல்லை. கிணறு தெரியும், குளம் தெரியும், கடல் தெரியும். பலகையில் பெயர் எழுதி வைத்தால் அது ஊர், வேறு என்னவாக இருக்க முடியும்? மூன்று நாள் நித்திரையில்லாத முகத்தோடு அவர் சிரித்தார். “ஆத்துக்கு ஆரண்ணை பேர்ப்பலகை நடுவான்? ஊர்தான்.”

ஊர் என்றே எழுதினார்கள். அந்தப் பெயர் கொண்ட ஊர்களுக்கு அறிவித்தார்கள். ஒரு கிழமை கழித்துப் பதில் வந்தது. தேடினோம், அப்படி ஒருவர் இல்லை, உடலும் இல்லை.

கஸ்பர் ஐந்து வருடம் ஜேர்மனியில் இருந்தார். பிறகு கனடா வந்தார். தாசன் எங்காவது உயிரோடு இருப்பான் என்ற நினைப்பு சில வருடம் இருந்தது. ஒரு நாள் அதுவும் இல்லை. எந்த நாளில் அது போனது என்று அவரால் சொல்ல முடியாது.

தாசனின் அக்கா குணவதி ஸ்காபரோவுக்கு வந்தது இரண்டாயிரத்து ஒன்றில். கஸ்பரைத் தேடிப் பிடித்து, தம்பியின் கடைசி மூன்று நாளையும் நாலைந்து தடவை திருப்பித் திருப்பிக் கேட்டார். கடைசியில், “எல்ஸ்டர்” என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பல வருடம் அவர் நினைவஞ்சலி போடவில்லை. போட்டால் செத்துவிட்டான் என்று தானே சொன்னமாதிரி ஆகிவிடுமாம். பத்து வருடங்களுக்கு முன்புதான் முதன்முதலாகப் படத்தைக் கொண்டுவந்தார். இரவல் ரையோடு ஸ்டுடியோவில் எடுத்த கடவுச்சீட்டுப் படம். ‘யாழ். சரவணையைப் பிறப்பிடமாகக் கொண்டு, ஜேர்மனி எல்ஸ்டர் நகரில் காணாமற்போன அமரர் குணதாசன்’ என்று கஸ்பர் அடித்தார், வாசித்துக் காட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு தையும் குணவதி வருவார். தம்பிக்கு விருப்பமான பயத்தம் பணியாரத்தைச் சுட்டுக் கொண்டுவந்து கஸ்பரின் மேசையில் வைப்பார். “அவன் தின்ன வேண்டியது. நீர் தின்னும்” என்பார்.

ஏழு வருடத்துக்கு முன்பு ஓர் இலையுதிர் காலத்தில் வயதான ஜேர்மன்காரர் ஒருவர், மனைவியின் நினைவு அட்டையைப் பிரதி எடுக்கக் கடைக்கு வந்தார். பக்கத்துக் கட்டடத்தில் தனியே இருப்பவர். அட்டையில் இருந்த குடும்பப் பெயரைக் கண்டதும் கஸ்பர் அவருடைய முழுப்பெயரைக் கேட்டார். ரூடி எல்ஸ்டர்.

“நீங்கள் எல்ஸ்டர் நகரத்தவரா?”

கிழவர் சிரித்தார். தான் ஹம்பேர்க்கில் பிறந்தவர், பாட்டனாருடைய ஆட்கள்தான் அந்த ஆற்றுப் பக்கம் என்றார்.

“எந்த ஆறு?”

கிழவர் அட்டையின் பிழைத் தாளொன்றைத் திருப்பி இரண்டு கோடு கீறினார். வெள்ளை எல்ஸ்டர், கறுப்பு எல்ஸ்டர். அங்கங்கே புள்ளி வைத்து, இந்தப் பெயரில் சின்ன ஊர்களும் உண்டு என்றார். என் பெயர் போல மனிதர்களும் உண்டு என்றார். மனைவி போன பிறகு பேச ஆளில்லாதவர் போலும், சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார். கஸ்பர் பாலத்தைப் பற்றியும் பலகையைப் பற்றியும் கேட்டார்.

“பாலத்தில் ஆற்றின் பெயர்ப்பலகை இருக்கத்தானே செய்யும்? எதைக் கடக்கிறோம் என்று தெரியவேண்டாமா?”

“ஊர்ப் பலகை?”

“அது மஞ்சள். ஜேர்மனியில் ஊருக்குள் நுழையும் இடத்தில் எப்போதும் மஞ்சள்தான்.”

கஸ்பருக்கும் அது தெரியும். ஐந்து வருடம் நாளாந்தம் மஞ்சள் பலகைகளைத் தாண்டி பஸ்ஸில் வேலைக்குப் போனவர். தான் கண்ட பலகை வெள்ளை என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டையும் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

பலகையில் அன்று அவருக்கு வாசிக்கத் தெரியாமற்போன முதற்சொல்தான் ஜேர்மன் மொழியில் ‘வெள்ளை’. வெள்ளை எல்ஸ்டரின் நீளம் ஏறத்தாழ இருநூற்றைம்பது கிலோமீற்றர்.

அடுத்த தையில் குணவதிக்குச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தார். அந்தத் தையில் குணவதி முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து ஊன்றுதடியோடு வந்தார். பாவம், அடுத்த முறை பார்ப்போம். அதற்கடுத்த தையில் கொரோனா, படம் மின்னஞ்சலில் வந்தது. அதன் பிறகு கஸ்பருக்கு ஒரு யோசனை தோன்றியது. வெறும் கையோடு போய் ‘நான் பிழை விட்டிட்டன்’ என்று சொல்வதைவிட, அந்தப் பாலத்தைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லலாம். அப்படித் தொடங்கியதுதான் மத்தியான நேரத்து ஆற்றுப் பயணம். இதற்கிடையில் ஒவ்வொரு தையும் ‘எல்ஸ்டர் நகரில்’ என்று அவரே அடித்தார். அவரே உரத்து வாசித்தார். மற்றவர்களின் மூல்ஹைமுக்காகத் தொலைபேசியில் காத்து நிற்கிற மனிதர்.

இந்தத் தையில், ஒரு செவ்வாய்க்கிழமை, குணவதி பனிச்சப்பாத்தை வாசலில் தட்டிவிட்டு உள்ளே வந்தார். கையுறையைக் கழற்றவில்லை. படத்தையும் பணியாரப் பெட்டியையும் மேசையில் வைத்தார்.

“கஸ்பர் தம்பி, நான் போறன்.”

“இப்பதானே வந்தனீங்கள் அக்கா?”

“விசர்க் கதை. எல்ஸ்டருக்குப் போறன்.”

மகள் தனுஷிகா, மார்க்கம் நகரில் கணினிக் கம்பனியொன்றில் இருப்பவள், இரண்டு கிழமை லீவு எடுத்துவிட்டாளாம். பங்குனிக் கடைசியில் பயணம். ஹோட்டலும் பதிந்தாயிற்று. குணவதி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். கணினியில் எடுத்த வரைபடம். நடுவில் சிவப்புப் பேனையால் வட்டம்.

“வடிவான ஊர் தம்பி. வருத்தக்காரர் போய் நிண்டு சுகமாகி வாற ஊராம். பெரிய பூங்கா, பூக்கண்டு எல்லாம் கிடக்கு. அவன் கடைசியா இருந்த இடம் இவ்வளவு வடிவாயிருக்குமெண்டு நான் நினைக்கேல்லை.” தாளைக் கையுறையோடு தடவினார். “நீரும் வாரும். அந்த இடத்தைக் காட்ட உம்மை விட்டால் ஆர் இருக்கினம்?”

முன்பக்கத்திலிருந்து ஸ்டெபனி எட்டிப் பார்த்தாள். “அங்கிள், யூ ஷுட் கோ! டெய்லி கம்பியூட்டரிலை பாக்கிறதை நேரிலை போய்ப் பாருங்கோவன்.”

கஸ்பர் எழுந்து நின்றார்.

“அக்கா, அது ஊரில்லை.”

“எது ஊரில்லை?”

“நான் கண்ட போர்ட். அது ஊரின்ரை போர்ட் இல்லை அக்கா. ஆத்தின்ரை போர்ட்.”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மதுரைக்காரரின் கேள்வியைச் சொன்னார். தான் சிரித்ததையும் சொன்னார். மஞ்சளைச் சொன்னார், வெள்ளையைச் சொன்னார். ஸ்டெபனி ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டாள்.

“அப்ப பொலிஸ் போய்த் தேடின இடம்?”

“வேறை இடம் அக்கா.”

“அவன் இருந்த இடத்துக்கு ஒருத்தரும் போகேல்லை.”

அது கேள்வியாக வரவில்லை.

“பாலத்தைக் கண்டால் இதுதான் எண்டு மட்டுக்கட்டுவீரோ?”

“அண்டைக்குப் புகார் அக்கா. ஒரு தூணும் அந்தப் பலகையும்தான் தெரிஞ்சது. கம்பியூட்டரிலை எத்தினையோ பாலம் பாத்திட்டன். எல்லாம் அதைப்போலத்தான் கிடக்கு.”

குணவதி வரைபடத்தை மடிக்கத் தொடங்கினார். பழைய மடிப்பில் சரியாக மடித்தார். பாதியில் நிறுத்தி, “உமக்கு இது எப்ப தெரியும்?” என்றார்.

“ஏழு வரியம்.”

“இந்த ஏழு வரியமும் ‘எல்ஸ்டர் நகரில்’ எண்டு அடிச்சது ஆர்?”

“நான்தான் அக்கா.”

“எனக்கு வாசிச்சுக் காட்டினது?”

“பாலத்தைக் கண்டுபிடிச்சிட்டு உங்களுக்குச் சொல்லுவம் எண்டு...”

“பாலத்தை ஆர் உம்மட்டைக் கேட்டது?” குணவதியின் குரல் உயரவில்லை. “ஒவ்வொரு தையும் விளக்குக் கொளுத்தேக்கை கண்ணை மூடினால் எனக்கு ஒரு ஊர் தெரியும். வீடுகள், கடை, ஒரு மணிக்கூட்டுக் கோபுரம். நானே கட்டி வைச்சிருந்த ஊர். அதுக்குள்ளை அவனை இருத்தி வைச்சு அழுவன். அவன் அங்கை இல்லையெண்டு உமக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு நான் சுட்ட பணியாரத்தையும் திண்டிருக்கிறீர்.”

கஸ்பர் மேசையைப் பார்த்தார்.

“அவன் உம்மை நம்பித்தானே இருந்தவன்” என்றார் குணவதி. “நானும் அதே மாதிரித்தான்.”

படத்தை எடுத்துப் பேர்ஸுக்குள் வைத்தார். “இந்த வரியம் ஒண்டும் அடிக்க வேண்டாம்.”

“பயணம், அக்கா?”

“பிள்ளை லீவு எடுத்திட்டாள். போறது போறதுதான். ஆத்தைப் பாத்திட்டு வாறன்.” வாசலுக்குப் போய் நின்று, திரும்பாமலே சொன்னார்: “நீர் வரவேண்டாம்.”

கதவு மூடியது. கஸ்பர் நின்ற இடத்திலேயே நின்றார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால், குணவதி தடம் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து பிளாசாவைக் கடந்து, வீதியோரத்து பஸ் தரிப்பிடத்துக்குப் போவது தெரிந்தது.

“அங்கிள்” என்றாள் ஸ்டெபனி.

அவர் ஜக்கெற்றையும் எடுக்கவில்லை, தொப்பியையும் எடுக்கவில்லை. சப்பாத்து மாற்றாமல் அப்படியே வெளியே நடந்தார்.

தரிப்பிடம் மூன்று பக்கமும் கண்ணாடி அடைத்த ஒரு கூடு. உள்ளே நீள வாங்கில் குணவதி தனியே உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பை. கஸ்பர் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார். குணவதி வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று கார்கள் சேற்றுப் பனியைத் தெறித்துக்கொண்டு போயின. கஸ்பரின் தலையிலும் தோளிலும் வெள்ளை படியத் தொடங்கியது. குணவதி ஒருமுறை திரும்பி அவரைப் பார்த்தார். மறுபடி வீதியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தில் இருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வாங்கில் ஓர் ஆள் இருக்க இடம் வந்தது.

கஸ்பர் அதைக் கண்டார். உள்ளே போகவில்லை. பஸ் வந்து, குணவதி ஏறி, கதவு மூடி, பின் விளக்குச் சிவப்பு பனிக்குள் கரையும்வரை கண்ணாடிக்கு வெளியிலேயே நின்றார்.